ஹார்மனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: தம்புரா முதல் தங்க விகிதம் வரை

வாரத்தில் நான்கு மாலைகள் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பாட வரும் பிள்ளைகள், கூடவே வந்து உட்காரும் பெற்றோர், ஓவியம் படிக்கும் ஒரு பையன், தத்துவம் படித்துவிட்டு இப்போது வீணை கற்கும் ஒரு பெரியவர் என்று பலரும் இத்தனை வருஷமாக ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் சட்ஜத்தை (அடிப்படைச் சுரமான ச) விநாடிக்கு 240 அதிர்வு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"சார், ரெண்டு பேர் சேர்ந்து பாடினா அது ஹார்மனியா?"

இரண்டு பேரும் ஒரே சுரத்தைப் பாடினால் அது சேர்ந்து பாடுவது, அவ்வளவுதான். ஒருவர் ச-வில் நிற்க, இன்னொருவர் அதே நேரத்தில் ப-வில் நிற்க, இரண்டும் தனித்தனியாகவும் கேட்டு, சேர்ந்து மூன்றாவதாக ஒரு நிறமும் கேட்டால் அதுதான் ஹார்மனி. மெலடியில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஹார்மனியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடும் ஒரு மாணவி எனக்கு உண்டு. தன் வரியை வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்துவிட்டு, "இது பாட்டு மாதிரியே இல்ல சார், ஒரே இடத்துல சுத்துது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு குரலும் சேர்ந்தபோது அவளுடைய அந்த அசையாத சுரத்தின் மேல்தான் மற்ற மூன்றும் சாய்ந்து நின்றன. அதைக் கேட்டு வந்த பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"இதுக்குத் தமிழ்ல சரியான வார்த்தை என்ன?"

ஒத்திசைவு, ஒருங்கிசைவு, இயைபு என்று பல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எனக்கு 'இசைவு' பிடிக்கும். இசைதல் என்றால் உடன்படுதல். "அவர் அதற்கு இசைந்தார்" என்று இன்றும் எழுதுகிறோம். பாட்டுக்கும் சம்மதத்துக்கும் நம் மொழியில் ஒரே வேர்.

கிரேக்கர்களின் 'ஹார்மோனியா' வேறு பட்டறையிலிருந்து வந்தது. அது தச்சுச் சொல். ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ் தெப்பம் கட்டும்போது பலகைகளைப் பிணைக்கும் மூட்டுகளுக்கு இந்தச் சொல்தான் வருகிறது. கிரேக்கப் புராணத்தில் ஹார்மோனியா ஒரு பெண்ணும்கூட: தாய் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, தந்தை போர்த் தெய்வம் ஆரிஸ். வெவ்வேறு பலகைகள், வெவ்வேறு குணமுள்ள பெற்றோர், நடுவில் ஒரு பொருத்து. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதுதான் பிடி.

"எந்த சுரத்தோட எது சேரும்னு யார் முடிவு பண்ணாங்க?"

தந்தியே முடிவு பண்ணியது என்பதுதான் நேரான பதில். ஒரு தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ச வரும்: 240 போய் 480. மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அதிரவிட்டால் ப: 360. நான்கில் மூன்று பங்குக்கு ம: 320. ஆக 2:1, 3:2, 4:3. எண் எவ்வளவு சிறியதோ சுரங்கள் அவ்வளவு நெருக்கமாகச் சேர்கின்றன. இதைக் கண்டவர் என்று கிரேக்கத் தத்துவவாதி பித்தாகரசை (பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டு) மரபாகச் சொல்வார்கள்.

கொல்லன் பட்டறையில் வெவ்வேறு எடையுள்ள சுத்தியல்களின் ஓசையைக் கேட்டு அவர் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை பல புத்தகங்களில் இருக்கிறது. நடக்க முடியாத கதை அது, சுத்தியலின் எடைக்கும் சுரத்துக்கும் அப்படி ஒரு நேர்க்கணக்கு கிடையாது. அதே கதையில் அவர் தந்திகளில் எடை தொங்கவிட்டதாக வரும் பகுதியை 16ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கலிலேயி சோதித்துப் பார்த்தார். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா, லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். மேல் ச வேண்டுமானால் இரண்டு மடங்கு எடை போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்று காட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷம் எழுதி எழுதிப் படித்த கதையை ஒரு வாத்தியக்காரர் தொங்கவிட்டுப் பார்த்ததும் தீர்ந்தது.

"சேரலைன்னா காதுல என்ன நடக்குது? ஏன் உறுத்துது?"

இரண்டு தம்புராத் தந்திகளை ஒரே சுரத்துக்குச் சேர்க்கும்போது கவனியுங்கள். ஒன்று 240, மற்றது 242 என்றால் ஓசை விநாடிக்கு இரண்டு முறை வீங்கி வற்றும். "வூம்... வூம்..." என்று ஓர் அலை. பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) மெல்லத் திருப்பத் திருப்ப அலை நீண்டு, சோம்பி, நின்றுபோகும். நின்ற இடம்தான் சுருதி சேர்ந்த இடம். இரண்டு அதிர்வும் எவ்வளவு விலகி இருக்கிறதோ, அலை அத்தனை வேகமாக அடிக்கும். விநாடிக்கு இருபது முப்பது என்று ஆகும்போது தனி அலையாகக் கேட்காது, அரம் உரசுவது மாதிரி கரகரக்கும். காதுக்கு உறுத்துவது பெரும்பாலும் இந்தக் கரகரப்புதான் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் விளக்கினார்.

"தம்புராவில காந்தாரத் தந்தியே இல்லையே சார், எனக்கு 'க' கேக்குதே?"

கேட்கும். கேட்டதாகச் சொல்லும் முதல் நாளே உங்கள் காது நன்றாகத் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தி. இருப்பது ப-வும் ச-வும் மட்டும். ஆனால் ஒரு தந்தி ஒரே ஓசையைத் தருவதில்லை. மந்தர ச 120 என்றால் அதன் கூடவே 240, 360, 480, 600 என்று மடங்குகளும் ஒலிக்கின்றன. ஐந்தாவது மடங்கான 600தான் அந்தர காந்தாரம் (300-இன் இரட்டிப்பு). குதிரைக்கும் (தந்தியைத் தாங்கும் பாலம்) தந்திக்கும் நடுவில் செருகும் ஜீவா நூலை மயிரிழை அளவு நகர்த்தினால் இந்த மேல் ஓசைகள் பூத்து வெளியே வரும். யாரும் மீட்டாமல் தானாக வருவதால் சுயம்பு காந்தாரம் என்கிறோம். ச, ப, அப்புறம் இந்த க. மேற்கத்தியர் முதல் பாடத்திலேயே சொல்லித்தரும் மேஜர் கார்டும் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) இதே மூன்றுதான்.

"அதே 'க'வை கீபோர்டுல அழுத்தினா ஒட்டவே மாட்டேங்குது. ரிப்பேரா?"

ஒரு மாணவியின் அப்பா இதற்காகவே கீபோர்டைக் கடைக்குத் தூக்கிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். ரிப்பேர் ஒன்றும் இல்லை. தம்புராவின் க 300 என்றால் கீபோர்டின் க சுமார் 302.4. இந்த வித்தியாசத்தால், ச-வையும் க-வையும் சேர்த்து அழுத்தும்போது மேல் ஓசைகள் விநாடிக்கு ஒன்பது பத்து முறை மோதிக்கொள்கின்றன. ப-வில் இந்த மோதல் விநாடிக்கு ஒரு முறைகூட இல்லை. அதனால்தான் ப ஒட்டுகிறது, க ஒட்டவில்லை.

இது ஏன் வந்தது என்பதுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ச-விலிருந்து ப, அந்த ப-வுக்கு ஒரு ப, அதற்கு ஒரு ப என்று 3:2 ஏணியில் பன்னிரண்டு படி ஏறினால் மறுபடி ச-வுக்கு வந்துவிட வேண்டும். வருவதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.746. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. வட்டம் மூடவில்லை, ஒரு சின்ன மிச்சம் விழுகிறது. பித்தாகரஸ் காமா என்று அதற்குப் பெயர். எந்தத் திறமையாலும் இந்த மிச்சத்தை ஒழிக்க முடியாது. எங்கே வைப்பது என்று மட்டும்தான் தீர்மானிக்கலாம்.

ஐரோப்பாவின் பழைய ஆர்கன்களில் இப்படிப்பட்ட மிச்சங்களை எல்லாம் யாரும் அதிகம் தொடாத ஒரு மூலையில் தள்ளினார்கள். அந்த மூலைக்குப் போய் வாசித்தால் ஊளையிடும். அதற்கு 'ஓநாய்' என்றே பெயர் வைத்தார்கள். பின்னாளில் மிச்சத்தைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். கீபோர்டில் இருப்பது இந்தச் சமப் பங்கீடு: எந்தக் கட்டையிலும் வாசிக்கலாம், ஆனால் மேல் ச தவிர எதுவும் முழுச் சுத்தம் இல்லை. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை ஒதுக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த நிலையான சுருதியும் ஒன்று, கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வராது என்பது இன்னொன்று. 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது.

"நம்ம சங்கீதத்துல ஹார்மனி இல்லைன்னு சொல்றாங்களே, அது குறைதானே?"

கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக நகரும் முறை நம்மிடம் இல்லை. அது உண்மை. மேற்கில் அந்த முறை 9ஆம் நூற்றாண்டு வாக்கில் தேவாலயப் பாடலோடு இணையாக இன்னொரு குரலை ஓடவிட்டதில் தொடங்கி, 1722இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ அதற்கு ஒரு முழு இலக்கணம் எழுதும்வரை வளர்ந்தது. ராகத்தில் ஒவ்வொரு சுரமும் அசைந்து, வழுக்கி, பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வருகிறது. அதன் அடியில் கார்டை நிறுத்தினால் அசைவுக்கு இடம் போய்விடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்தக் கட்டையில் அழுத்துவீர்கள்?

ஆனால் இசைவு என்ற எண்ணம் நம்மிடம் பழையது. சிலப்பதிகாரத்தில் சுரங்களின் உறவுக்கே 'இணை, கிளை, பகை, நட்பு' என்று நான்கு பெயர் வருகிறது. ஐந்தாம் நரம்பு (அதாவது சுரம்) கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். குரலுக்கு இளி கிளை, அதாவது ச-வுக்கு ப. இதில் கேள்வி கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: மூன்றாவது ஏன் பகை? முந்தைய பதிலில் சொன்ன ஏணியில் நான்கு படி ஏறினால் கிடைக்கும் காந்தாரம் 303.75. தம்புராவின் 300-ஐவிட அதிகம். ச-வோடு சேர்த்து ஒலித்தால் மேல் ஓசைகளில் விநாடிக்குப் பதினைந்து மோதல். ஐரோப்பியரும் அந்த ஏணியை வைத்திருந்த காலம்வரை மூன்றாவது சுரத்தை முழு நட்பாக ஏற்கவில்லை. 1558இல் இத்தாலிய இசையறிஞர் சார்லினோ 5:4 என்ற எளிய விகிதத்துக்கு இலக்கண இடம் கொடுத்தார். காரணம் அங்கும் இங்கும் ஒன்றேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

"அபசுரமே இல்லாம இருந்தாத்தானே நல்ல இசை? விவாதி ராகம் எல்லாம் எதுக்கு?"

72 மேளத்தில் (தாய் ராகங்களில்) 40 விவாதி மேளங்கள், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசுபவை. பாதிக்கு மேல். உரசல் தோஷம் என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள், அவற்றிலும் கீர்த்தனை செய்தவர்கள் இருந்தார்கள். உரசலும் அபசுரமும் வேறு வேறு. அபசுரம் போக நினைத்த இடத்துக்குப் போகாதது. உரசல் தெரிந்தே போய் நிற்பது.

மேற்கத்திய ஹார்மனியின் எஞ்சினே இந்த உரசல்தான். நி-யையும் ம-வையும் சேர்த்து அழுத்துங்கள். காது பொறுக்காமல் எங்கேயோ போகத் துடிக்கும். நி மேலே ச-வுக்கும், ம கீழே க-வுக்கும் நகர்ந்தால் மூச்சு விட்டதுபோல் இருக்கும். அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் வீடு வந்து சேர்ந்த நிம்மதியும் இல்லை.

"அந்த இடைவெளியை சாத்தானோட சுரம்னு சர்ச்ல தடை பண்ணாங்களாமே?"

இடைக்காலத்துத் திருச்சபை அப்படி ஒரு தடை போட்டதற்குச் சான்று இல்லை. பாடக் கடினம், காதுக்குக் கரடு என்று தவிர்க்கச் சொன்னார்கள். 'இசையில் சாத்தான்' என்ற தொடர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இசை நூல்களில்தான் பரவலாகக் கிடைக்கிறது. ம-வுக்கும் நி-க்கும் உள்ள அந்தத் தூரம்தான் ச-வுக்கும் பிரதி மத்தியமத்துக்கும் (மேல் ம) உள்ளது. நம் கல்யாணி ராகத்தில் தினமும் கேட்பது.

"தத்துவத்துல ஹார்மனின்னா எல்லாரும் ஒத்துப்போறதுதானே?"

இந்த எண்ணம்தான் என்னை இந்தப் பக்கத்தை எழுதவைத்தது. ஒத்துப்போவதற்கும் இசைவதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சீனாவில் சீ நாட்டு மன்னர், எப்போதும் தனக்கு ஆமாம் போடும் ஒருவரைக் காட்டி, "இவர் ஒருவர்தான் என்னோடு இசைகிறார்" என்றார். அமைச்சர் யான் யிங் மறுத்தார். அது இசைவு ஆகாது, ஒரேமாதிரி இருப்பது, அவ்வளவுதான் என்றார். சூப்பைப் பாருங்கள்: நீர், நெருப்பு, புளிக்காடி, உப்பு, மீன் எல்லாம் வேறு வேறு. சமையல்காரர் குறைந்ததைக் கூட்டி, மிஞ்சியதைத் தணித்து ருசியாக்குகிறார். தண்ணீருக்குத் தண்ணீரையே ஊற்றினால் யார் சாப்பிடுவார்கள்? யாழில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? மன்னர் சரி என்பதில் பிழை இருந்தால் அதை எடுத்துச் சொல்பவர்தான் இசைகிறவர் என்று முடித்தார். நல்ல நண்பன் இடித்துச் சொல்வான் என்று நாம் சொல்வதும் இதைத்தான். கன்பூசியசும் இதே இரு சொற்களை எதிரெதிராக வைத்து, உயர்ந்தோர் இசைவர், ஒரேமாதிரி ஆகிவிட மாட்டார்கள் என்றார்.

கிரேக்கத்தில் ஹெராக்ளிட்டஸ், வில்லையும் யாழையும் போல எதிர்த்திசையில் இழுபடுவதே ஹார்மனி என்றார். தமிழ் வாசகருக்கு இது உடனே பிடிபடும், நமக்கு 'வில்யாழ்' என்று ஒரு கருவியே இருந்தது. கொம்பை வளைத்து நாரைக் கட்டினால் கொம்பு நிமிரப் பார்க்கும், நார் விடாது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தால் ஓசை செத்துவிடும்.

"ஆத்மாவும் உடம்போட ஹார்மனிதான்னு சொல்லலாமா?"

வீணை கற்கும் பெரியவரின் கேள்வி. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், சாக்ரடீஸ் இறக்கப்போகும் நாளில் சிம்மியாஸ் இதைத்தான் கேட்கிறார்: யாழ் உடைந்தால் சுருதியும் போய்விடுமே, உடல் போனால் ஆன்மாவும் அப்படித்தானே?

சாக்ரடீஸின் பதில்களில் எனக்கு வலுவாகத் தெரிவது ஒன்று. சுருதி மரத்தையும் தந்தியையும் எதிர்த்து எதுவும் செய்ய முடியாது, அவை விட்ட வழிதான். ஆனால் தாகம் எடுத்தும் குடிக்காமல் இருக்க மனிதனால் முடிகிறது. உடலை எதிர்க்கத் தெரிந்த ஒன்று உடலின் சுருதியாக மட்டும் இருக்க முடியுமா? பெரியவருக்கு இதில் திருப்தி இல்லை. "எதிர்க்கிறதும் உடம்பே ஏன் ஆகக்கூடாது?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். நியாயமான கேள்வி.

"கோள்கள் எல்லாம் இசை எழுப்புதுன்னு படிச்சேன், நிஜமா?"

காதால் கேட்கும் ஓசை இல்லை. வானியலாளர் கெப்ளர் கோள்களின் வேகத்தைச் சுர விகிதங்களாக எழுதிப் பார்த்தார். பூமி சூரியனுக்கு அருகிலும் தொலைவிலும் நகரும் வேகங்களின் விகிதம் 16:15, ஏறக்குறைய அரைச் சுரம். பூமி மி-ஃபா-மி (மேற்கத்தியச் சுரப் பெயர்கள்) என்று பாடுகிறது, அது இங்குள்ள துயரத்தையும் பஞ்சத்தையும் சொல்கிறது என்று எழுதினார். அதே 1619ஆம் ஆண்டு நூலில்தான் கோள்களின் மூன்றாம் விதியும் இருக்கிறது. இசைவைத் தேடிப் போனவர் கையில் விண்ணியல் விதி ஒன்று அகப்பட்டது.

"ஓவியத்துல கலர் ஹார்மனிக்கு விதி இருக்கா?"

பாரிஸின் கோபெலின் திரைச்சீலைப் பட்டறையில் கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்துகொண்டிருந்தது. 1824இல் அங்கே சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்த வேதியியலாளர் ஷெவ்ரூல் சோதித்தார். சாயத்தில் பழுது இல்லை. அந்தக் கருப்பு நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்தது. பக்கத்து நிறம் நம் கண்ணில் கருப்பைச் சோகையாக்கிவிட்டது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எதிர்த்திசையில் தள்ளும் என்பதை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். ஆக, தனி நிறம் என்று கண்ணுக்கு எதுவும் இல்லை. கார்டுக்குள் இருக்கும் சுரம்போல, பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்துத்தான்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை விரித்துப் பாருங்கள். அரக்கு உடல், பச்சைக் கரை. மூன்று நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கருவி) ஓட்டி, இரண்டும் தனித்தனி ஊடையாக வந்து, ஓரிடத்தில் பல்லும் பல்லுமாகக் கோர்த்துக்கொள்கின்றன. நிறம் கலப்பதே இல்லை. கோர்வை என்ற பெயரே மூட்டைத்தான் சொல்கிறது. ஒடிசியஸின் தெப்பத்தில் நாம் பார்த்த அதே பொருத்து.

"தங்க விகிதம் இருந்தாத்தான் அழகுங்கிறாங்களே?"

1.618 கணிதத்தில் அழகான எண். அது எல்லா அழகுக்கும் சாவி என்ற பேச்சு 1850களில் ஜெர்மனியில் சைசிங் எழுதியதிலிருந்து பரவியது. ஏதென்ஸின் பார்த்தெனானை உதாரணம் காட்டுவார்கள். அதன் மேடை சுமார் 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். வகுத்துப் பாருங்கள்: 2.25, அதாவது 9:4. தந்தியில் அது ஒரு ப-வுக்கு மேல் இன்னொரு ப, மேல்ஸ்தாயி ரி.

முழு எண் விகிதங்கள் எங்கும் உண்டு. கிரேக்கச் சிற்பி பாலிக்லீட்டஸ் விரலுக்கு விரல், விரலுக்கு உள்ளங்கை என்று உடலின் ஒவ்வொரு பாகத்தையும் அடுத்ததோடு பொருத்தினார். நம் சிற்பிகள் உத்தம தசதாலம் என்ற அளவு முறையில் உருவத்தின் உயரத்தை 124 அங்குலமாகப் பிரிக்கிறார்கள். இந்த அங்குலம் அந்தச் சிலையின் சொந்த அளவு, கடை ஸ்கேல் அளவு இல்லை. சிலை சிறிதானால் அங்குலமும் சிறிதாகும். சட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்தாலும் ப ப-வாக இருப்பது மாதிரி.

"கடைசியா ஒண்ணு. இதெல்லாம் இயற்கையா, வெறும் பழக்கமா?"

இரண்டும். அலையடிப்பதும் நிற்பதும் இயற்பியல், யாருடைய காதிலும் நடக்கும். அது பிடிக்குமா என்பது வேறு. பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. சேரும் கார்டு, சேராத கார்டு இரண்டையும் அவர்கள் ஒரே அளவு இனிமை என்றார்கள், வித்தியாசம் அவர்களுக்குக் கேட்டும்கூட. போஸ்னியாவின் 'கங்கா' பாடகர்கள் தோளோடு தோள் நின்று, பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேண்டுமென்றே முழுக் குரலில் மோதவிடுகிறார்கள். நாம் நான்காவது பதிலில் உறுத்தல் என்று சொன்ன அந்தக் கரகரப்புதான் அவர்களுக்கு ருசி.

உங்களுக்கு எது என்று தெரிய இதைச் செய்து பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரை ச-வில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் அவரோடு அதே ச-வில் தொடங்கி, மிக மெதுவாக, வழுக்கிக்கொண்டே மேலே போங்கள். முதலில் அலை, பிறகு கரகரப்பு, அது தணியும், 300 அருகில் எதுவோ அமைதியாகும், மறுபடி கலங்கும், 360-இல் அறையே சுத்தமாகும். அங்கே ஒரு மூச்சு நில்லுங்கள். அப்புறம் வந்த வழியே இறங்குங்கள், இந்த முறை கரகரப்பு வரும் இடத்தில் நின்று பாருங்கள்.